பஃபர் மீன் கவ்வுகிறது, விழுங்கவில்லை: பல் கோளாறை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பஃபர் மீனுக்கு மேல் தாடையில் இரண்டு, கீழ்த் தாடையில் இரண்டு, மொத்தம் நாலே பற்கள். இரண்டிரண்டும் ஒட்டி நின்று கிளி மூக்கைப் போல ஓர் அலகாகிவிடும். இந்த அலகு ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். ஆற்றிலும் கழிமுகத்திலும் நத்தை, நண்டு, மட்டி என்று ஓடுள்ளதைக் கடித்தே தின்பதால் வளர்வதும் தேய்வதும் சரிக்குச் சரியாகிவிடும். தொட்டியில் உறைந்த ரத்தப்புழுவை மட்டும் போட்டு வளர்த்தால் தேய வழியில்லை. சில மாதங்களில் பல் உதட்டைத் தாண்டும். பிறகு வாய் மூடாது. கடைசியில் தீனி கண்ணெதிரே கிடக்க, மீன் பட்டினி கிடக்கும்.

பல் நீண்டிருக்கிறது என்றதும் நகவெட்டியைத் தேடுகிறவர்கள் அதிகம். பல நேரம் அதற்கு அவசியமே இருக்காது. தீனியை மாற்றினால் போதும், அல்லது கோளாறே பல்லில் இருக்காது. ஆனால் வெட்டத்தான் வேண்டும் என்ற நிலை வந்த பிறகு தள்ளிப்போடுவதும் அதே அளவு கெடுதல். பட்டினியில் மெலிந்த மீன் மயக்க மருந்தைத் தாங்காது.

பெங்களூரில் சிவாஜிநகர் கடைகளிலும் மற்ற இடங்களிலும் கைக்கு வருபவை பெரும்பாலும் இவைதான்: மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் பீ பஃபர் (3 செ.மீ. வரை), ஃபிகர் எயிட் (8 செ.மீ.), கிரீன் ஸ்பாட்டட் (15 செ.மீ.), அமேசான் பஃபர், எப்போதாவது 40 செ.மீ. தாண்டி வளரும் ஃபஹாகா. எந்த வகை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 3 செ.மீ. மீனுக்கும் 15 செ.மீ. மீனுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

முதலில் பல்லைச் சரியாகப் பார்ப்பது

தொட்டிக்கு வெளியிலிருந்து சும்மா பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நீண்ட ட்வீசரில் ஓர் இறால் துண்டைப் பிடித்து முன் கண்ணாடிக்கு அருகில் காட்டுங்கள். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து, போனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். மீன் பாய்ந்து கவ்வும் அந்த நொடியில் வாய் முழுசாகத் திறக்கும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

சரியான பல்லென்றால் உதடு பெரும்பகுதியை மூடியிருக்கும். வெள்ளையான நுனி மட்டும் தெரியும். மேலும் கீழும் விளிம்போடு விளிம்பு தொடும். மேல் பல் கீழ்ப் பல்லைத் தாண்டித் தொங்கினாலோ, கீழ்ப் பல் மேல் உதட்டின் முன்னால் ஏறி நின்றாலோ, ஓய்வாக இருக்கும்போதும் வாய் திறந்தே இருந்தாலோ பல் மிஞ்சி வளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு இந்த மாற்றம் பிடிபடாது.

கவ்வுகிறது, மெல்லுகிறது, துப்பிவிடுகிறது

பல் நீண்டால் முதலில் தெரிவது இதுதான். ஆனால் துப்புவதெல்லாம் பல்லால் அல்ல. மூன்று சோதனைகள் செய்யுங்கள். அதே தீனியை எள்ளளவு துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள். அதை உறிஞ்சி விழுங்கிவிட்டால் பல் மேல் சந்தேகம் வலுக்கிறது, ஏனென்றால் உறிஞ்சப் பல் தேவையில்லை. சின்னத் துண்டையும் துப்பினால் தண்ணீரைச் சோதியுங்கள்: அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், நைட்ரேட் 20 பி.பி.எம்.முக்குக் கீழ் இருந்தால் நல்லது. பஃபர் மீன் நிறையச் சிந்தித் தின்பதால் தண்ணீர் சட்டென்று கெடும். மூன்றாவது, தீனியையே மாற்றிப் பாருங்கள். உறைந்த ரத்தப்புழு ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருந்தால் மீன் வாயில் போட்டவுடன் துப்பும். கரண்ட் போய்ப் போய் வரும் ஏரியாவில் இது சகஜம். பாக்கெட்டில் ஐஸ் கட்டி ஒரு பக்கமாகச் சேர்ந்திருந்தால் அதை வீசிவிடுங்கள்.

பாய்கிறது, ஆனால் தீனி வாய்க்குள் போகவில்லை

மூக்கால் முட்டுவது போல் தீனியைத் தள்ளிக்கொண்டே போகும். இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு ஒதுங்கிவிடும். இங்கே சந்தேகத்துக்கு அதிக இடமில்லை. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாய்த் துவாரத்தையே மறைத்திருக்கும். வீடியோவில் உறுதி செய்துகொண்டு நேராக வெட்டும் பகுதிக்குப் போங்கள். அதுவரை ட்யூபிஃபெக்ஸ், டாஃப்னியா, ஆர்ட்டீமியா போல உறிஞ்சக்கூடிய குட்டி உயிர்த் தீனியை ஒரு நாளில் மூன்று நான்கு வேளை கொடுத்துத் தெம்பை ஏற்றுங்கள்.

கண் ஒன்று மங்கலாக இருந்தாலும் மீன் குறி தவறும். அப்போது ஒரே பக்கமாகத் தவறும், வாய் நன்றாக மூடும்.

பல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சாப்பிடவில்லை

பெங்களூரில் முதலில் பார்க்க வேண்டியது தெர்மாமீட்டர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெளியே 15, 16 டிகிரிக்கு இறங்கும். ஹீட்டர் இல்லாத தொட்டி 20 டிகிரிக்கு வந்துவிடும். அந்தக் குளிரில் பஃபர் மீன் மூலையில் வாலை மடித்து உட்கார்ந்துகொள்ளும், தீனியைத் திரும்பிப் பார்க்காது. "நம்ம ஊர்ல ஹீட்டர் எதுக்கு" என்கிற கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். 25 முதல் 27 டிகிரியில் நிலையாக வைத்து நான்கு நாள் பாருங்கள்.

அடுத்தது உப்பு. கிரீன் ஸ்பாட்டட், ஃபிகர் எயிட் இரண்டும் கழிமுக மீன்கள். கடையில் நல்ல தண்ணீரில் வைத்தே விற்கிறார்கள், வாங்குபவரும் அப்படியே வைக்கிறார். குட்டியாக இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும், பிறகு கறுத்து, மெலிந்து, தீனி மறுக்கும். ஃபிகர் எயிட்டுக்கு ஒப்படர்த்தி (தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் எண்) 1.005 அளவு போதும். வளர்ந்த கிரீன் ஸ்பாட்டடுக்கு 1.015க்கு மேல் வேண்டும். மரைன் சால்ட் போட்டு, ஹைட்ரோமீட்டரில் பார்த்து, வாரத்துக்கு 0.002 என்ற கணக்கில் ஏற்றுங்கள். வேகமாக ஏற்றினால் ஃபில்டரிலுள்ள பாக்டீரியா செத்து அமோனியா கிளம்பும். சமையல் உப்பு உதவாது.

நன்றாகத் தின்கிறது, ஆனாலும் வயிறு ஒட்டிக்கொண்டே போகிறது, கழிவு வெள்ளையாக நூல் போல வருகிறது என்றால் குடற்புழு. கடைக்கு வரும் பஃபர் மீன்களில் பல ஆற்றில் பிடித்தவை. புழு இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் லெவமிசோல் ஹைட்ரோகுளோரைடு, லிட்டருக்கு 2 மில்லிகிராம், 24 மணி நேரம். ஃபில்டரிலுள்ள கார்பனை எடுத்துவிடுங்கள், விளக்கை அணைத்துவிடுங்கள். மறுநாள் முக்கால் தொட்டித் தண்ணீரை மாற்றி, அடியில் விழுந்ததை உறிஞ்சி எடுங்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. மாட்டு மருந்து பாட்டிலில் மருந்தின் செறிவு ஆளுக்கொரு மாதிரி இருக்கும். லேபிளைப் படித்துக் கணக்குப் போட்டபின் ஊற்றுங்கள்.

கடைசியாக வெறும் பிடிவாதமும் உண்டு. ரத்தப்புழு ருசி கண்ட பஃபர் வேறெதையும் தொடாது. நன்கு கொழுத்த மீனை நான்கைந்து நாள் பட்டினி போட்டால் ஒன்றும் ஆகாது. பீ பஃபரை மட்டும் இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள்.

ஒரு பக்கப் பல் உடைந்திருக்கிறது

கண்ணாடியையோ கல்லையோ ஹீட்டரையோ கடித்து உடைத்திருக்கும், அல்லது தன் அளவுக்கு மீறிய நத்தையைக் கடித்திருக்கும். ட்ரம்பெட் நத்தையின் ஓடு மிகக் கெட்டி; சின்ன பஃபர்களின் பல் அதில் சிதறும். உடைந்த பல் தானே வளரும், கவலை வேண்டாம். இரண்டு வாரம் ஓடு நீக்கிய தீனி கொடுங்கள். எதிரே உள்ள பல்லைத் தேய்க்க ஆளில்லாததால் அது மட்டும் நீண்டுவிடுகிறதா என்று பார்த்து வாருங்கள். நீண்டால் அதை மட்டும் சமன் செய்ய வேண்டியிருக்கும்.

உதட்டில் வீக்கம், வெள்ளையாகப் பஞ்சு போல

நீண்ட பல் எதிர் உதட்டில் குத்திப் புண்ணாக்கியிருந்தால் வீக்கம் குத்துகிற இடத்தில் மட்டும் இருக்கும். பல்லைக் குறைத்தால் புண் தானே ஆறும். வாய் முழுக்க வெள்ளை படர்ந்து நாளுக்கு நாள் பரவினால் அது பாக்டீரியாத் தொற்று. அந்த நிலையில் பல்லில் கை வைக்காதீர்கள். முதலில் தொற்றுக்கு வைத்தியம், தனித் தொட்டியில்.

பல் கொஞ்சம் நீளம், ஆனால் இன்னும் சாப்பிடுகிறது

இந்த நிலையில் பிடித்துவிட்டால் நகவெட்டியே வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரம் தீனியால் தேய்க்கலாம்.

பீ பஃபருக்கு நத்தைதான் ஒரே வழி. பிளாடர் நத்தை, ராம்ஸ்ஹார்ன் நத்தைக் குட்டி, இரண்டும் மெல்லிய ஓடு. மீனின் கண் அளவுக்கு மேல் போகாத நத்தையாகப் பார்த்து ஒரு மீனுக்குத் தினம் மூன்று நான்கு போடுங்கள். ஓட்டைக் கடிக்காமல் சதையை மட்டும் உருவித் தின்கிறதென்றால் நத்தை பெரிது. இன்னும் சின்னதாகக் கொடுத்தால் ஓட்டோடு நொறுக்கும்.

ஃபிகர் எயிட், கிரீன் ஸ்பாட்டட் இவற்றுக்கு நத்தையோடு கடல் தீனியும் வேண்டும். ரஸ்ஸல் மார்க்கெட் மீன் கடைகளில் நண்டு எப்போதும் இருக்கும். மங்களூர்ப் பக்கத்திலிருந்து மட்டி வரும் நாளும் உண்டு. நண்டின் ஒல்லிக் கால்களைக் கணு கணுவாக வெட்டி, ஓட்டோடு ட்வீசரில் பிடித்துக் கொடுங்கள். ட்வீசரை விட்டுவிடாமல் லேசாக இழுத்துப் பிடித்தால் மீன் அங்கேயே கடித்துக் கடித்து நொறுக்கும். விட்டுவிட்டால் சதையை உறிஞ்சிவிட்டு ஓட்டைத் தரையில் போடும். கையால் மட்டும் கொடுக்காதீர்கள், 10 செ.மீ. பஃபர் விரல் நுனியைக் கிழித்துவிடும். இறாலைத் தலையோடும் ஓட்டோடும் கொடுக்கலாம், ஆனால் இறால் ஓடு பல்லைத் தேய்க்கிற அளவுக்குக் கெட்டியில்லை. மட்டியை வாயைச் சற்றே பிளந்து அப்படியே போடுங்கள். மஞ்சள் தடவியது, உப்புப் போட்டது எதுவும் வேண்டாம். கடைக்காரரிடம் சொல்லிச் சுத்தம் செய்யாமலே வாங்குங்கள். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்த பின் பயன்படுத்தினால் ஒட்டுண்ணி பயம் குறையும். இறாலும் மட்டியுமே மாதக்கணக்கில் கொடுத்தால் அவற்றிலுள்ள தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1 ஐ அழித்துவிடும். நண்டையும் நத்தையையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

நத்தை போட்டும் பல் தேயவில்லை என்றால் நத்தையின் ஓட்டை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். பெங்களூர் வீடுகளில் இந்தச் சிக்கல் நிறைய. போர் தண்ணீர் கடினம் என்று பயந்து நத்தைத் தொட்டிக்கும் ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுகிறோம். அதில் சுண்ணாம்புச் சத்து கிடையாது. ஓடு வெளுத்து, குழி விழுந்து, அப்பளமாக நொறுங்கும். அபார்ட்மெண்ட் சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீரிலும் அதே கதைதான், அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கும். டி.டி.எஸ். மீட்டரில் 600, 800 காட்டும் போர் தண்ணீர் நத்தை வளர்க்க அருமையான தண்ணீர். அது கிடைக்காதவர்கள் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டு வாங்கி ஒரு துண்டைத் தொட்டியில் போடலாம். பறவைக் கடைகளில் விற்கும் கணவாய் ஓடும் அதுவேதான். டேங்கர் தண்ணீர் என்றால் ஆன்டி க்ளோரின் போட்டு ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுங்கள். குளோரினில் நத்தையும் சாகும்.

பால்கனியில் 20 லிட்டர் டப் ஒன்று, ஸ்பாஞ்ச் ஃபில்டர், பத்துப் பதினைந்து நத்தை. வெந்நீரில் போட்டெடுத்த கீரை, வெள்ளரித் துண்டு, அவ்வப்போது மீன் தீனி. இரண்டு மாதத்தில் பீ பஃபர் கூட்டத்துக்குத் தேவையான நத்தை கிடைத்துவிடும். டப்பின் வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டுங்கள். திறந்த டப்பில் ஏடிஸ் கொசு முட்டையிடும், டெங்கு சீசனில் மாநகராட்சி ஆட்கள் வந்து கொட்டச் சொல்வதும் நியாயமே. அல்சூர், பெல்லந்தூர் என்று ஏரியில் நத்தை பொறுக்கப் போகாதீர்கள். சாக்கடையும் ரசாயனமும் கலந்த தண்ணீர் நத்தை அது.

வாய் மூடவில்லை, வயிறு ஒட்டிவிட்டது: வெட்டுவது

முதலில் யாருக்கு வெட்டக் கூடாது என்பது. பீ பஃபருக்கு வீட்டில் வெட்டாதீர்கள். 2.5 செ.மீ. மீனின் பல்லும் உதடும் தாடையும் நகவெட்டியின் வாயைவிடச் சின்னவை, உதட்டோடு போய்விடும். அதற்கு உறிஞ்சும் தீனியும் குட்டி நத்தையும்தான். ஃபஹாகா போல 20 செ.மீ. தாண்டியதற்கும் வீட்டு வேலை வேண்டாம். அந்தப் பல்லை வெட்டினால் நீளவாக்கில் பிளக்கும், டைமண்ட் டிஸ்க் வைத்துக் குறைந்த வேகத்தில் அரைக்கத்தான் முடியும். மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரைத் தேடுங்கள்; ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, போகும் முன் மீன் பார்ப்பார்களா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள 5 முதல் 15 செ.மீ. மீன்களுக்குத்தான் கீழே உள்ள முறை. இதிலும் மருத்துவர் கிடைத்தால் அவர் கையே மேல்.

மயக்கத்துக்குக் கிராம்பு எண்ணெய். மெடிக்கலில் பல்வலிக்கு விற்கிறார்களே, அதுதான். மனுஷன் பல்லுக்கும் மீன் பல்லுக்கும் ஒரே பாட்டில். லேபிளில் கிராம்பு எண்ணெய் மட்டும் இருக்க வேண்டும். கற்பூரம், மென்தால், வேறு எண்ணெய் எது கலந்திருந்தாலும் வேண்டாம்.

தேவைப்படுவன: மூடியுள்ள கண்ணாடி பாட்டில் (சிலவகைப் பிளாஸ்டிக்கை இந்த எண்ணெய் கரைக்கும்), ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சும் 10 மி.லி. சிரிஞ்சும், இரண்டு டப், ஏர் பம்ப், பியூட்டி பார்லர் பொருள் கடையில் கிடைக்கும் க்யூட்டிகிள் நிப்பர், மெல்லிய பருத்தித் துணி, காது குடையும் பஞ்சுக் குச்சி. கூட இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும், ஒருவர் பிடிக்க, ஒருவர் வெட்ட. வெட்டிய பல் துண்டு தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். பெஸ்காம் அன்று மின்தடை அறிவித்திருந்தால் வேறொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் தீனி போடாதீர்கள், மயக்கத்தில் கக்கினால் செவுளில் அடைக்கும்.

பாட்டிலில் 100 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, 1 மி.லி. கிராம்பு எண்ணெய் விட்டு, பால் போல் வெளுக்கும்வரை ஒரு நிமிடம் பலமாகக் குலுக்குங்கள். எண்ணெயை நேராக டப்பில் விட்டால் கலக்காமல் துளித்துளியாகத் தனியே நிற்கும். மீன் ஒரு மடக்கில் முழு டோஸையும் வாங்கிச் செத்துவிடும். இந்தப் பால் கலவையின் ஒவ்வொரு மி.லி.யிலும் சுமார் 10 மி.கி. எண்ணெய் இருக்கிறது. அன்றைக்குச் செய்ததை அன்றே பயன்படுத்துங்கள், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மறுபடி குலுக்குங்கள்.

இரண்டு டப்பிலும் மீன் இருக்கிற தொட்டித் தண்ணீரையே நிரப்புங்கள், அதே சூடு, அதே உப்பு. முதல் டப்பில் 2 லிட்டர் சரியாக அளந்து ஊற்றுங்கள். இரண்டாவது டப் மயக்கம் தெளிய, அதில் ஏர் ஸ்டோன் ஓடட்டும். மீனை வலையில் அள்ளாதீர்கள். வெளியே வந்ததும் காற்றை விழுங்கி உப்பும். ஒரு டம்ளரைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மீனை அதற்குள் ஓட்டி, தண்ணீரோடு தூக்குங்கள்.

முதல் டப்பில் லிட்டருக்கு 4 மி.லி. கலவை, அதாவது 2 லிட்டருக்கு 8 மி.லி. கலக்கிவிட்டு மீனை விடுங்கள். முதல் ஒரு நிமிடம் தத்தளிக்கும், பிறகு தடுமாறும், பக்கவாட்டில் சாயும். நான்கு நிமிடம் பொறுங்கள். வாலை லேசாகக் கிள்ளினால் இன்னும் உதறுகிறது என்றால் லிட்டருக்கு 1 மி.லி. கூட்டி, இன்னும் இரண்டு நிமிடம். லிட்டருக்கு 8 மி.லி. தாண்டாதீர்கள். நமக்கு வேண்டிய நிலை: மீன் கவிழ்ந்து கிடக்கிறது, கிள்ளினால் அசைவில்லை, செவுள் மட்டும் மெதுவாக, சீராக அசைகிறது. கண் செவுளை விட்டு அகலக் கூடாது. அசைவு விட்டுவிட்டு வந்தாலோ நின்றாலோ பல்லை மறந்துவிட்டு உடனே இரண்டாவது டப்.

ஈரத் துணியில், வயிற்றை அழுத்தாமல், மீனின் கண்ணைத் துணி மூடியிருக்கும்படி பிடியுங்கள். ஈரப் பஞ்சுக் குச்சியால் உதட்டைப் பின்னால் தள்ளி, நிப்பரின் வாய்க்குள் பல் மட்டும் இருக்கிறதா என்று பார்த்து, நுனியிலிருந்து ஒரு மி.மீ.யாக நறுக்குங்கள். "டிக்" என்று உடையும். ஒரேயடியாகக் கவ்வி வெட்டினால் பல் வேர்வரை பிளக்கும். 30 நொடிக்கு மேல் தண்ணீருக்கு வெளியே வைக்காமல் மயக்க டப்பில் முக்கி எடுத்து மறுபடி தொடருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று முறை தூக்கினால் மேல், கீழ், இடம், வலம் முடிந்துவிடும். வாய் மூடி, உதடு பல்லை மறைத்தால் நிறுத்துங்கள். அழகாக மட்டம் பிடிக்க வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று போவதுதான் ரத்தத்தில் முடியும். மீதியைத் தீனி தேய்த்துக்கொள்ளும்.

இரண்டாவது டப்பில் விட்டதும் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் நிமிரும். சொந்தமாக நீந்தி, சுவரில் முட்டாமல் திரும்பும்வரை தொட்டிக்கு மாற்றாதீர்கள்; மற்ற மீன்கள் கொத்தும். பஃபர் மீனின் தோலிலும் உள்ளுறுப்பிலும் கொடிய விஷம் உண்டு. தொடுவதால் ஒன்றும் ஆகாது, ஆனால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்த டப்பையும் துணியையும் சமையலறைக்குத் திருப்பாதீர்கள்.

பத்து நிமிடமாகியும் எழவில்லை

மீனை நேராகப் பிடித்து, ஏர் ஸ்டோனுக்கோ ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்துக்கோ முகத்தைக் காட்டுங்கள். வாய் வழியே தண்ணீர் போய்ச் செவுள் வழியே வெளியே வர வேண்டும். முன்னும் பின்னுமாக ஆட்டாதீர்கள். பின்னுக்கு இழுக்கும்போது செவுள் மூடிக்கொள்ளும். டப்பில் ஒரு திசையில் வட்டமாக நகர்த்தினால் போதும். செவுள் அசைவு நின்ற மீனும் இப்படிக் கால் மணி நேரம் பிடித்துத் திரும்பியதுண்டு, சீக்கிரம் கைவிடாதீர்கள்.

காற்றை விழுங்கி உப்பிவிட்டது

தண்ணீரில் உப்பினால் தானே வடியும். காற்றில் உப்பினால் மேலே பந்தாக மிதக்கும், உள்ளே இறங்க முடியாது. தண்ணீருக்குள்ளேயே தலை மேலாக, வால் கீழாகப் பிடித்து, வயிற்றைக் கீழிருந்து மேலாக மெல்ல வருடுங்கள். வாய் வழியே குமிழிகள் வரும். அழுத்தவோ ஊசியால் குத்தவோ வேண்டாம்.

வெட்டியபின் ரத்தம் அல்லது தீனி மறுப்பு

ஒரு மெல்லிய கோடாக ரத்தம் வந்து ஒரு நிமிடத்தில் நின்றால் வைத்தியம் தேவையில்லை, சுத்தமான தண்ணீர் போதும். அன்று தீனி வேண்டாம். மறுநாள் ரத்தப்புழு, நறுக்கிய மட்டிச் சதை. சில மீன்கள் மூன்று நாள்வரை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அது சகஜம். நான்காம் நாளும் தொடவில்லை என்றால் மறுபடி வீடியோ எடுத்து, ஒரு பக்கம் இன்னும் நீளமாக நின்று வாயைத் தடுக்கிறதா, உதட்டில் வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் கழித்து மெல்லிய ஓட்டு நத்தையில் ஆரம்பித்து, இரண்டாம் வாரத்தில் நண்டுக் கால்.

சில மாதத்தில் மறுபடி நீண்டுவிட்டது

ஓட்டுத் தீனி வாரத்துக்கு எத்தனை வேளை என்று எண்ணுங்கள். கிரீன் ஸ்பாட்டட், ஃபிகர் எயிட் இரண்டுக்கும் பாதி வேளைக்குக் குறையாமல் ஓட்டோடு இருக்க வேண்டும். அந்தக் கணக்கு சரியாக இருந்தும் நீள்கிறது, வளர்ப்பது அமேசான் பஃபர் என்றால் தப்பு உங்கள் பக்கம் இல்லை. அந்த வகைக்குப் பல் வளரும் வேகமே அதிகம். தினம் நத்தை போட்டாலும் அவ்வப்போது வெட்ட வேண்டியிருக்கும். வாங்கும் முன்பே இதை யோசிக்க வேண்டும், கடைத் தொட்டியில் ஆறேழு குட்டிகள் கூட்டமாக நீந்துவதைப் பார்த்து மயங்கி வாங்கிவிடுகிறார்கள். ஆறு மீன் என்றால் ஆறு முறை மயக்கம். ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் உட்காராமல், ஒரு டப் தண்ணீரில் இரண்டு மீனுக்கு மேல் மயக்காமல், புதுத் தண்ணீர், புதுக் கலவை என்று மாற்றிக்கொள்ளுங்கள்.